மேப்பிள் மரம் பல நாடுகளில் வளர்ந்தும் சிரப் ஏன் ஒரே மூலையிலிருந்து வருகிறது?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. ஜப்பான், கொரியா, ஐரோப்பா என்று மேப்பிள் இனங்கள் பல இடங்களில் வளர, அதன் சாற்றைக் காய்ச்சிச் செய்யும் இனிப்புப் பாகான சிரப் மட்டும் ஏன் கனடாவின் கிழக்கிலிருந்தும் அமெரிக்காவின் வடகிழக்கிலிருந்தும் வருகிறது என்பது முதலாவது. ஒரு லிட்டர் சிரப்புக்கு 40 லிட்டர் சாறு என்று சொல்வது விலையை நியாயப்படுத்தும் பேச்சா, உண்மையா என்பது இரண்டாவது. பனையில் பதநீர் இறக்கிக் காய்ச்சுவதும் இதுவும் ஒன்றுதானே என்று போகிற போக்கில் கேட்டிருப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கிவிட்டால் மற்ற இரண்டும் பாதி அவிழ்ந்துவிடும்.

பனம்பாளையைச் சீவும்போது வடிவது, இலை சமைத்த சர்க்கரை பூவுக்கும் காய்க்கும் போய்க்கொண்டிருக்கிற சாறு. மரம் அதை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, ஏறுபவர் வழியில் மறித்துக் கலயத்தில் பிடிக்கிறார். அதனால்தான் அதில் 10 சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை இருக்கிறது. மேப்பிளில் சாறு எடுக்கும் காலத்தில் மரத்தில் ஓர் இலைகூட இருக்காது. பிப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரல் வரை, தரையில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும்போது நடக்கிற வேலை இது. வெளியே வருவது மரக்கட்டையின் உள்ளே, வேரிலிருந்து நீர் ஏறும் குழாய்களில் இருக்கிற நீர். சென்ற கோடையில் மரம் மாவுச்சத்தாகச் சேர்த்துவைத்து, குளிர்காலத்தில் சர்க்கரையாக மாற்றிக்கொண்டதில் ஒரு சிறு பங்கு அந்த நீரில் கரைந்திருக்கும். சாதாரணமாக 2 சதவீதம். நாக்கில் விட்டால் குளிர்ந்த தண்ணீர்தான், விழுங்கிய பிறகு லேசாக ஓர் இனிப்பு தட்டும்.

இந்த நீரை வெளியே தள்ளுவது எது என்பதுதான் உங்கள் முதல் கேள்வியின் விடை. பெரும்பாலான மரங்களில் நீர்க்குழாய்களைச் சுற்றியிருக்கும் நார்ச்செல்களில் நீர் நிறைந்திருக்கும். மேப்பிளில் அவற்றில் வாயு நிறைந்திருக்கிறது. இரவில் மரம் உறைநிலைக்குக் கீழே போகும்போது அந்த வாயு சுருங்குகிறது, நார்ச்செல்லின் உட்சுவரில் பனிக்கட்டி படிகிறது, குழாய்களில் ஓர் உறிஞ்சுவிசை உண்டாகிறது, வேர் வழியாக மண்ணிலிருந்து நீர் ஏறுகிறது. காலையில் வெயில் பட்டுக் கட்டை இளகும்போது பனிக்கட்டி உருகி, அடைபட்டிருந்த வாயு விரிந்து நீரை நெருக்குகிறது. அந்த நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல இரு மடங்கை எட்டும். ஒரு துளை போட்டால் நீர் அதன் வழியே வெளியேறும். இதில் வேர் தள்ளுகிற விசை எதுவும் இல்லை. வேரில்லாத ஒரு கிளைத்துண்டை நீரில் நிறுத்தி உறையவைத்து உருக்கினாலும் சாறு வருகிறது என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். அந்த நீரில் சர்க்கரை இல்லாவிட்டால் அழுத்தம் சரியாக நிற்பதில்லை என்பதும் சோதனையில் தெரிந்தது. ஆகவே சவ்வூடு பரவலுக்கும், அதாவது மெல்லிய சவ்வைக் கடந்து நீர் சர்க்கரை மிகுந்த பக்கம் போவதற்கும், இதில் பங்குண்டு. வாயு விரிவுக்கு எவ்வளவு பங்கு, சவ்வூடு பரவலுக்கு எவ்வளவு என்பதில் தாவரவியலாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இரவு உறைந்து பகலில் உருக வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் மறுப்பில்லை.

ஒரே குளிராகவே இருந்தாலும் பயனில்லை, ஒரேயடியாக வெயில் வந்துவிட்டாலும் பயனில்லை. இரவில் மைனஸ் 5 டிகிரி, பகலில் பிளஸ் 5 டிகிரி என்ற ஊசலாட்டம் நான்கு முதல் ஆறு வாரம் திரும்பத் திரும்ப வர வேண்டும். கியூபெக், ஒன்டாரியோ, நியூ பிரன்ஸ்விக், வெர்மான்ட், நியூயார்க், மெய்ன் பகுதிகளில் மார்ச் மாதம் அப்படித்தான் போகிறது. சாற்றில் சர்க்கரை மிகுந்த சுகர் மேப்பிளும் அதே நிலப்பகுதியில் காடாகவே வளர்கிறது. மரமும் வானிலையும் இப்படி ஒரே இடத்தில் பொருந்தி வந்தது உலகில் வேறெங்கும் இவ்வளவு பெரிய பரப்பில் நடக்கவில்லை. மேற்கு ஐரோப்பாவில் கடற்காற்றால் குளிர்காலம் மென்மையானது, கட்டை உறைந்து உருகும் நாட்கள் போதுமான அளவு கிடைப்பதில்லை. கிழக்கே போனால் அந்த நாட்கள் கிடைக்கும், ஆனால் அங்கே இயல்பாக வளரும் நார்வே மேப்பிளிலும் சிகமோர் மேப்பிளிலும் இனிப்பு குறைவு. 19ஆம் நூற்றாண்டில் பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த சர்க்கரைக் கிழங்கு ஐரோப்பிய வயல்களுக்கு வந்த பிறகு, அந்தக் குறைந்த இனிப்புக்காக விறகு எரிக்க யாருக்கும் தேவையும் இருக்கவில்லை.

மரத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோய் நட்டால் என்ன என்றும் கேட்கத் தோன்றும். அதைச் செய்து பார்த்தவர், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன். 1790களில் அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்தவர்கள், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக மேப்பிள் சர்க்கரையை முன்வைத்தார்கள். மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1791இல் இதைப் பற்றி ஜெஃபர்சனுக்கே நீண்ட கடிதம் எழுதினார். ஜெஃபர்சன் அதே ஆண்டு நியூயார்க் அருகிலிருந்து சுகர் மேப்பிள் கன்றுகள் வரவழைத்து வர்ஜீனியாவில் தன் மான்டிசெல்லோ தோட்டத்தில் நட்டார். அங்கே சர்க்கரைத் தோப்பு உருவாகவே இல்லை. கன்று பிழைத்தாலும் துளை போடும் பருமனுக்கு வர 30, 40 ஆண்டு ஆகும், அதன் பிறகும் மார்ச் மாதம் ஒத்துழைக்க வேண்டும்.

அதற்காக மற்ற நாடுகளில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கொரியாவின் தெற்கே ஜிரிசான் மலைப்பகுதியில் கொரோசே என்ற மேப்பிளின் சாற்றை ஆண்டுதோறும் வசந்தத்தின் தொடக்கத்தில் இறக்குகிறார்கள். அதைக் காய்ச்சுவதில்லை, எலும்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில் அப்படியே குடிக்கிறார்கள். ஜப்பானில் டோக்கியோவுக்கு வடமேற்கே சிச்சிபு மலைப்பகுதியில் உள்ளூர் மேப்பிள்களிலிருந்து சிறிய அளவில் சிரப் காய்ச்சுகிறார்கள். கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவில் பெரிய இலை மேப்பிளில் சாறு எடுப்பவர்கள் உண்டு. அங்கே கடலோரக் குளிர் என்பதால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எப்போது உறைபனி இரவு வாய்க்கிறதோ அப்போது ஓட வேண்டும். அலாஸ்கா, ரஷ்யா, பின்லாந்து பக்கங்களில் பிர்ச் மரச் சாறு உண்டு. அது வேரின் அழுத்தத்தால் வருவது, மண் இளகிய பிறகே ஓடும். அதில் சர்க்கரை 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஃபிரக்டோஸ், குளுக்கோஸ். எளிதில் கருகும், ஒரு லிட்டருக்கு 100 லிட்டர் சாறு வரை கேட்கும்.

கியூபெக் மாகாணம் ஒன்றே உலக மேப்பிள் சிரப்பில் 70 சதவீதம் அளவுக்குத் தருகிறது. அமெரிக்க உற்பத்தியில் பாதி வெர்மான்டுடையது. இவ்வளவு பெரிய தொழிலிலும் வானிலையின் பிடி எப்படி என்று பாருங்கள்: கியூபெக்கில் 2022இல் 21.1 கோடி பவுண்டு, 2023இல் 12.4 கோடி பவுண்டு, 2024இல் 23.9 கோடி பவுண்டு. அதே காடு, அதே ஆட்கள், அதே இயந்திரங்கள். இப்படி ஏறி இறங்குவதால்தான் கியூபெக் உற்பத்தியாளர் கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டில் ஒரு சேமிப்புக் கிடங்கை ஏற்படுத்தியது. நல்ல ஆண்டில் மிஞ்சுவதைச் சூடாகவே இரும்புப் பீப்பாய்களில் அடைத்து வைத்துப் பஞ்ச ஆண்டில் எடுத்துக் கொடுக்கிறார்கள். யார் எவ்வளவு விற்கலாம் என்பதற்கு ஒதுக்கீடும் உண்டு. அந்த ஒதுக்கீட்டை எதிர்க்கிற உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் வாங்குபவருக்கு விலை ஓரளவு நிலையாகக் கிடைப்பது இந்த ஏற்பாட்டால்தான். 2012இல் கிடங்கைக் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 3,000 டன் சிரப் திருடுபோயிருப்பது தெரிந்தது, அதன் மதிப்பு சுமார் 1.8 கோடி கனடிய டாலர். சில பீப்பாய்களில் சிரப்புக்குப் பதில் தண்ணீர் இருந்தது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வியின் கணக்கு. ஒரு லிட்டர் சிரப்பின் எடை சுமார் 1.32 கிலோ. அதில் 66 சதவீதம் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ 870 கிராம். 2 சதவீதச் சாற்றில் லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை இருக்கும். 870ஐ 20ஆல் வகுத்தால் 43 லிட்டருக்குச் சற்று மேல். தொழில் செய்பவர்கள் இதையே சுருக்கி, 86ஐச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகு என்று வைத்திருக்கிறார்கள். 2.5 சதவீதம் என்றால் 34 லிட்டர் போதும், 1.5 என்றால் 57 வேண்டும். ஆகவே 40 என்பது விளம்பரம் இல்லை, நடுத்தரமான ஒரு சராசரி. வாளி தொங்கவிடும் பழைய முறையில் ஒரு துளை ஒரு பருவம் முழுவதும் தருவதும் ஏறக்குறைய 40 லிட்டர்தான். ஒரு துளைக்கு ஓராண்டுக்கு ஒரு லிட்டர் சிரப் என்று மனதில் வைத்துக்கொண்டால் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

துளை போடுவது எளிய வேலை போலத் தெரியும், ஆனால் ஆண்டு விளைச்சல் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. மார்பு உயரத்தில் மரத்தின் விட்டம் 25 முதல் 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். 45ஐத் தாண்டினால் மட்டுமே இரண்டாவது துளை. இப்போதைய துளை 8 மில்லிமீட்டர் அகலம், 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம், சாறு தானே வெளியே வடியும்படி உள்நோக்கிச் சற்று மேலேறிய சரிவு. துளையூசி புதிதாக, கூராக இருக்க வேண்டும். மழுங்கிய ஊசி கட்டையைச் சிராய்த்துத் துளையின் ஓரத்தைப் பிசிறாக்கும், அந்தப் பிசிறில் கிருமி குடியேறும். ஊசியோடு வெளிவரும் சுருளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெள்ளையாக, பாலாடை நிறத்தில் வந்தால் உயிருள்ள கட்டை. பழுப்பாக வந்தால் பழைய காயத்தின் கறை, அங்கே சாறு வராது. ஒவ்வொரு துளைக்கும் மரம் தன் பதிலாக அந்த இடத்தைச் சுற்றி ஒரு பகுதியை நிரந்தரமாக அடைத்துவிடுகிறது. அந்தக் கறை பக்கவாட்டில் துளையைவிடச் சற்றே அகலம், ஆனால் மேலும் கீழும் ஓர் அடிக்கு மேல்கூட நீண்டு போகும். அதனால்தான் பழைய துளைக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ போடக் கூடாது, ஆண்டுதோறும் மரத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே போக வேண்டும். சாறு வடிவதற்கான சொட்டுக்குழாயைத் துளைக்குள் தட்டும்போது சத்தம் மாறும், அதோடு நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு அடி அடித்தால் கட்டை மேலும் கீழும் விரிசல்விடும், அதன் வழியே சாறு கசியும், காயமும் பெரிதாகும். உறைந்திருக்கும் கட்டை சீக்கிரம் பிளக்கும் என்பதால் கடுங்குளிர் நாளில் இந்த வேலையைத் தொடாதிருப்பது நல்லது.

திறந்த துளைக்கு ஆயுள் ஆறு முதல் எட்டு வாரம். கிருமிகள் பெருகப் பெருக மரம் குழாய்களை அடைத்துக்கொள்கிறது, துளை காய்ந்துவிட்டது என்பார்கள். மிக முன்னதாகப் போட்டால் பருவம் உச்சத்துக்கு வரும்போது துளை ஓய்ந்திருக்கும், தாமதித்தால் மிகத் தெளிவான முதல் சாறு போய்விடும். ஆண்டுதோறும் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும் முடிவு இதுதான்.

பெரிய தோப்புகளில் இப்போது வாளி இல்லை. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது, எல்லாம் சரிவில் இறங்கிப் பெரிய குழாயில் சேர்கின்றன, கடைசியில் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப். பாதரச அங்குலத்தில் அளக்கும் அந்த உறிஞ்சலில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சாறு 5 முதல் 7 சதவீதம் கூடும் என்பது தொழிலில் ஊன்றிய கணக்கு. நன்றாக இறுக்கிய அமைப்பில் வாளியைப்போல இரு மடங்கு சாறு வரும். இந்த லாபம் முழுக்கக் கசிவில்லாமல் இருப்பதைப் பொறுத்தது. அணில் குழாயைக் கடித்துவிடும், கிளை விழுந்து இணைப்பு கழன்றுவிடும். பருவம் முழுவதும் ஒருவர் பனியில் நடந்தபடி குழாய்க்குள் ஓடும் காற்றுக்குமிழியின் வேகத்தைப் பார்த்துக் கசிவு தேடிக்கொண்டே இருப்பார். சாறு மெதுவாக நகர்ந்தால் சரி, குமிழிகள் விரைந்து ஓடினால் மேலே எங்கோ ஓட்டை. பம்ப் நிற்கும்போது குழாயில் உள்ள சாற்றை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், அதோடு கிருமியும் உள்ளே போகும். இதைத் தடுக்கச் சிறு பந்து வைத்த சொட்டுக்குழாயை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் மேப்பிள் ஆய்வு மையத்தில் உருவாக்கினார்கள். சாறு வெளியே வரும்போது பந்து வழிவிடும், திரும்ப முயன்றால் அடைத்துக்கொள்ளும். சின்னஞ்சிறிய ஒரு பொருள், ஆனால் துளையின் ஆயுளை நீட்டித்தது.

சாற்றைப் பால்போல நடத்த வேண்டும். குளிர்ச்சியாக வைத்து, முடிந்தால் அன்றன்றே காய்ச்ச வேண்டும். பதநீருக்குக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி இங்கே எதுவும் சேர்ப்பதில்லை, குளிரும் வேகமும்தான் காவல். முன்பு சில இடங்களில் துளைக்குள் பாராஃபார்மால்டிஹைடு வில்லைகள் வைத்தார்கள். அது கிருமியை அடக்கியது, மரக்கட்டையையும் அழுகவைத்தது. இப்போது அதற்குத் தடை.

42 லிட்டர் நீரை ஆவியாக்கித்தான் ஒரு லிட்டர் சிரப் என்றால், செலவு முழுவதும் அடுப்பில்தான். விறகை மட்டும் நம்பினால் 3.6 கன மீட்டர் விறகுக்கு 90, 95 லிட்டர் சிரப் கிடைக்கும். இங்கேதான் நமக்குத் தெரிந்த ஆர்.ஓ. இயந்திரம் வந்து தொழிலையே மாற்றியது. நம் வீட்டில் ஆர்.ஓ. வழியே வரும் தூய நீரை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுகிறோம், அங்கே தலைகீழாக, தூய நீரை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறார்கள். 2 சதவீதச் சாற்றை 8 சதவீதமாக்கினாலே நான்கில் மூன்று பங்கு நீர் தீயில்லாமல் போய்விடும். ஆர்.ஓ. வைத்தால் சுவை குறையும் என்று பழைய ஆட்கள் பலர் உறுதியாகச் சொல்வார்கள், ஒப்பிட்டு நடத்திய சோதனைகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என் பார்வையில் சாற்றின் சுத்தம்தான் சுவையை அதைவிடப் பெரிதாக மாற்றும். செறிவான சாறு சாதாரணச் சாற்றைவிட விரைவில் கெடும் என்பதால் ஆர்.ஓ.வில் ஏற்றியதை உடனே அடுப்புக்கு அனுப்ப வேண்டும். இயந்திரம் இருக்கும் அறை உறையக் கூடாது, ஒரு குளிர் இரவில் சவ்வு போய்விடும். அமெரிக்கப் பூர்வகுடிகள் இதே வேலையை இயற்கையைக் கொண்டே செய்தார்கள். சாற்றை அகன்ற பாத்திரத்தில் இரவில் வெளியே வைத்து, காலையில் மேலே உறைந்த பனிக்கட்டியை எறிந்தால் அடியில் இருப்பது செறிந்திருக்கும். ஐரோப்பியரின் உலோகக் கொப்பரை வருவதற்கு முன் அவர்கள் எவ்வளவு பெரிய அளவில் காய்ச்சினார்கள் என்பது விவாதத்தில் இருக்கிறது. சாற்றை எடுப்பதும் அதிலிருந்து சர்க்கரை செய்வதும் அனிஷினாபே, அபெனாகி போன்ற மக்களிடமிருந்து குடியேறிகள் கற்றது என்பது உறுதி. அவர்கள் செய்தது பெரும்பாலும் கட்டிச் சர்க்கரை, நம் கருப்பட்டி மாதிரி, ஏனென்றால் அதைப் புட்டி இல்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சும் பாத்திரம் தட்டையான, அகன்ற, தடுப்புகள் வைத்த தொட்டி. ஒரு பக்கம் சாறு நுழைந்துகொண்டே இருக்கும், தடுப்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து கெட்டியாகிக்கொண்டே வந்து மறுபக்கம் சிரப்பாக வெளியேறும். ஆழம் சில சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே இறங்கினால் சில நொடிகளில் அடிபிடித்துத் தொட்டியே வளைந்துவிடும். காய்ச்சுபவர் அந்த இடத்தைவிட்டு நகரவே கூடாது என்பது இதனால்தான். வேலையை முடிக்கும்போது முதலில் தீ தணிய வேண்டும், பிறகே சாறு நிற்க வேண்டும். வரிசை மாறினால் அன்றைக்குத் தொட்டி போச்சு. பொங்கி வந்தால் ஒரு துளி வெண்ணெயோ எண்ணெயோ போதும், நுரை அப்படியே அடங்கும்.

பதம் பார்ப்பது வெப்பமானியில். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட சுமார் 4 டிகிரி செல்சியஸ் மேலே போனால் சிரப். கடல்மட்டத்தில் அது 104. ஆனால் தண்ணீரின் கொதிநிலை ஊரின் உயரத்தோடும் அன்றைய காற்றழுத்தத்தோடும் மாறும் என்பதால் தினமும் காலையில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்து அதிலிருந்து கணக்கிட வேண்டும். புயல் வரும் நாளில் நேற்றைய எண்ணை நம்பிக் காய்ச்சினால் சிரப் கெட்டியாகிவிடும். கரண்டியைத் தூக்கினால் துளித்துளியாகச் சொட்டாமல் விளிம்பில் திரைபோலத் தொங்கும், நம் பிசுக்குப் பதம் என்று வைத்துக்கொள்ளலாம், கம்பிப் பதத்துக்கு முந்தியது. கடைசித் தீர்ப்பு, திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டருடையது. சூடாக ஊற்றிய உடனே அதிலுள்ள சிவப்புக் கோட்டைப் பார்க்க வேண்டும், ஆறவிட்டால் அளவு தப்பிவிடும். கனடாவில் 66 பிரிக்ஸுக்கு, அதாவது எடையில் 66 சதவீதச் சர்க்கரைக்கு, குறைந்தால் அதைச் சிரப் என்று விற்க முடியாது, வெர்மான்டில் 66.9 வேண்டும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், புளிக்கும். 69ஐ நெருங்கினால் புட்டியின் அடியில் கற்கண்டு விளையும்.

காய்ச்சிய சிரப் கலங்கலாக இருக்கும். சாற்றில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மாலிக் அமிலமும் சேர்ந்து மணல்போலப் படிவதால் வருவது அது. கெடுதல் இல்லை, ஆனால் நாக்கில் நறநறக்கும். சூடு ஆறும் முன் கம்பளித் துணியிலோ ஃபில்டர் பிரஸ்ஸிலோ வடிகட்ட வேண்டும். புட்டியில் அடைக்கும்போது 82 முதல் 85 டிகிரி. குறைந்தால் பூஞ்சை சாகாது, 88ஐத் தாண்டினால் வடிகட்டிய சிரப்பில் மறுபடியும் அந்த மணல் உருவாகும். அடைத்தவுடன் புட்டியைப் படுக்கவைத்தால் மூடியின் உட்புறமும் அந்தச் சூட்டில் சுத்தமாகும்.

கடையில் பார்க்கும் கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்ற நான்கும் தரத்தின் ஏற்றத்தாழ்வு இல்லை. ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்ற அளவுதான்: 75 சதவீதம், அதற்கு மேல் என்றால் கோல்டன், 50 முதல் 75 ஆம்பர், 25 முதல் 50 டார்க், அதற்கும் கீழே வெரி டார்க். நாட்கள் போகப் போக வெப்பம் கூடும், சாற்றில் கிருமிகள் பெருகும், அவை சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும், உடைந்த சர்க்கரை தொட்டியில் சீக்கிரம் சிவக்கும். அதனால் பருவத் தொடக்கத்துச் சிரப் வெளிர்நிறம், கடைசியில் வந்தது கருநிறம். தோசைமேல் ஊற்றிச் சாப்பிட ஆம்பர் போதும், சமையலில் சேர்க்க டார்க் நல்லது, மற்ற சுவைகளுக்கு நடுவே அதன் மணம் நிற்கும். மொட்டு விரியத் தொடங்கிவிட்டால் கதை வேறு. சாற்றில் அமினோ அமிலங்கள் மாறி, சிரப்பில் வேகவைத்த முட்டைக்கோஸ் போன்ற ஒரு வாடை வரும். எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. அந்த நாளோடு பருவம் முடிந்தது.

பான்கேக் சிரப் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் மக்காச்சோளப் பாகும் வாசனையும்தான். அந்த வாசனையின் முக்கியப் பொருளான சோட்டலோன் நம் வெந்தயத்தில் இருப்பது. 2005 முதல் நியூயார்க் நகரில் அவ்வப்போது மேப்பிள் வாசனை வீசி மக்கள் புகார் செய்தார்கள், 2009இல் அது நியூ ஜெர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்திய ஓர் ஆலையிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே மணத்தை வைத்து அசலைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். பொருட்பட்டியலில் மேப்பிள் சிரப் என்ற ஒன்றே ஒன்று இருக்க வேண்டும்.

இப்படிச் சாறு எடுப்பது மரத்துக்குக் கெடுதலா என்ற கேள்வியும் எழும். வாளிக் காலத்து அளவில், விதிகளை மதித்து, நூறாண்டுக்கு மேல் சாறு தந்துகொண்டிருக்கும் மரங்கள் இருக்கின்றன. அதில் ஐயமில்லை. உயர் வேக்குவத்தில் இன்னும் பல பத்தாண்டுகள் எடுத்தால் என்ன ஆகும் என்பதைக் காலம்தான் முழுதாகச் சொல்ல முடியும். நன்கு வளரும் மரம் ஆண்டுதோறும் புதிய கட்டையைச் சேர்த்துப் பழைய கறைகளை உள்ளே தள்ளிவிடுகிறது. நெருக்கடியில், நிழலில், மெல்ல வளரும் மரத்தில் துளை மீண்டும் பழைய கறையிலேயே போய் விழும், அத்தகைய மரத்தை விட்டுவிடுவதே முறை. இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது மார்ச் மாதத்தின் போக்கு. 2012 மார்ச்சில் திடீரென்று கோடைபோல் வெயில் அடித்து அமெரிக்க வடகிழக்கில் பருவம் சட்டென்று முடிந்துபோனது. 1998 ஜனவரியில் பனிக்கட்டிப் புயல் கியூபெக், ஒன்டாரியோ, நியூயார்க், வெர்மான்ட் தோப்புகளில் கிளைகளை முறித்துப் போட்டது. பருவம் முன்னே நகர்கிறது என்பதைக் காய்ச்சுபவர்கள் நாட்காட்டியிலேயே பார்க்கிறார்கள். வேக்குவமும் பந்து வைத்த குழாயும் இதுவரை அந்த இழப்பைச் சரிக்கட்டி வருகின்றன.

வாங்கிய புட்டியைத் திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அசல் சிரப்பில் பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லை, அலமாரியில் வைத்தால் சில வாரங்களில் மேலே பூஞ்சை மிதக்கும். அடியில் கற்கண்டு விளைந்திருந்தால் கெட்டுப்போனதாக நினைத்து எறிய வேண்டாம், காய்ச்சியவர் ஒரு டிகிரி கூடுதலாக விட்டுவிட்டார் என்று பொருள். சிரப்பை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டுக் கற்கண்டைத் தனியே எடுத்துச் சாப்பிடலாம்.